எல்லா ஆட்-ஆனும் வேண்டுமா? வேளச்சேரி வாசகியின் கார் இன்ஷூரன்ஸ் கேள்வி

கேள்வி: சென்னை வேளச்சேரியில் குடியிருக்கிறேன். பள்ளி ஆசிரியை. எங்களிடம் 1,197 சிசி பெட்ரோல் ஹேட்ச்பேக் கார் இருக்கிறது. வாங்கி நான்கு வருடம் முடியப்போகிறது. கடன் அடைத்தாகிவிட்டது. இதுவரை ஒரு கிளெய்ம்கூடச் செய்ததில்லை. செப்டம்பர் 12-ம் தேதி பாலிசி முடிகிறது. ஐ.டி.வி. (பாலிசியில் காருக்கு எழுதும் மதிப்பு) 4.2 லட்சம். ஆட்-ஆன் (தனிக் காசு கொடுத்துச் சேர்க்கும் கூடுதல் கவர்) எதுவும் இல்லாமல் 8,900 ரூபாய் என்கிறார் ஏஜென்ட். ஜீரோ டெப் 3,200, என்ஜின் புரொடெக்ட் 1,100, கன்ஸ்யூமபிள்ஸ் 530, என்.சி.பி. புரொடெக்ட் 770, டயர் 700, சாவி 240, ரோடு சைடு அசிஸ்டன்ஸ் 180 என்று எல்லாம் சேர்த்தால் 15,620 ஆகிறது. எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள் என்று அவர் விடாமல் சொல்கிறார். என் கணவரோ, "வாரத்துக்கு மூன்று நாள் ஓடுகிற வண்டிக்கு தேர்ட் பார்ட்டி மட்டும் போதும், மீதியெல்லாம் தண்டம்" என்கிறார். எதைக் கேட்பது? எங்கள் காரை அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் நிறுத்துகிறோம்.

பதில்: அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது கடைசி வரிதான். வேளச்சேரி, தரைத்தளம். கிளெய்மில் சேதத்தை மதிப்பிடும் வாகன இன்ஷூரன்ஸ் சர்வேயராகச் சொல்கிறேன், இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் உங்கள் பட்டியலில் முதலில் எதை எடுக்க வேண்டும் என்பது பாதி முடிவானது மாதிரி. ஆட்-ஆன் விஷயத்தில் எல்லாருக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. மேட்டுப்பாங்கான இடத்தில் இருக்கும் ஒருவர் இதே காருக்கு இதே கேள்வியைக் கேட்டிருந்தால் வேறு பதில் எழுதியிருப்பேன்.

முதலில் உங்கள் கணவர் சொல்வதைப் பார்த்துவிடுவோம். மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயம் என்று சொல்வது தேர்ட் பார்ட்டியை மட்டும்தான். அது சரி. உங்கள் காரின் சிசிக்கு 2022 ஜூனில் அமலுக்கு வந்த தேர்ட் பார்ட்டி கட்டணம் 3,416 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. ஆனால் அந்தப் பாலிசி உங்கள் கார் இடித்து அடுத்தவருக்கு ஏற்படும் இழப்பைத்தான் ஈடுகட்டும். உங்கள் கார் நசுங்கினாலும், திருடு போனாலும், தண்ணீரில் மூழ்கினாலும் ஒரு ரூபாய் வராது. காரில் உங்களோடு வருகிறவர்களுக்கும் அதில் பாதுகாப்பு இல்லை. விரிவான பாலிசி (தேர்ட் பார்ட்டியோடு சொந்தக் காரின் சேதத்துக்கும் சேர்த்தது) இருந்தால், உங்கள் தவறால் விபத்து நேர்ந்து உள்ளே இருந்தவர்கள் இழப்பீடு கோரும்போது அந்தப் பொறுப்பை நிறுவனம் ஏற்கும். தேர்ட் பார்ட்டி மட்டும் வைத்திருந்தால் அந்தச் சுமை உங்கள் தலையில்.

இன்னொன்று. நான்கு வருடம் கிளெய்ம் இல்லாததால் உங்களுக்கு இப்போது 45 சதவீத என்.சி.பி., அதாவது கிளெய்ம் செய்யாததற்கான பிரீமியத் தள்ளுபடி, சேர்ந்திருக்கும். சொந்தச் சேதத்துக்கான பகுதியை 90 நாளுக்கு மேல் புதுப்பிக்காமல் விட்டால் அது போய்விடும். பிறகு மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து ஏற வேண்டும். நான்கு லட்ச ரூபாய் வண்டி, அதுவும் கார் மூழ்கும் பேட்டையில் நிற்கிறது. அதனால் விரிவான பாலிசியை விட வேண்டாம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

இனி ஆட்-ஆன். நான் இதை ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன்: அடிப்படைப் பாலிசி தராத எந்தச் செலவு வந்தால் உங்கள் குடும்பம் திணறும்? அதற்குக் காசு கொடுங்கள். இரண்டாயிரம், மூன்றாயிரத்தில் முடியும் செலவை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

அந்தக் கேள்வியை வேளச்சேரியில் கேட்டால் முதலில் வருவது என்ஜின். 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் இரண்டையும் நீங்கள் நேரில் பார்த்திருப்பீர்கள். 2024 அக்டோபரில் ரெட் அலர்ட் என்றதும் மழை வலுப்பதற்கு முன்பே மக்கள் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தியது அந்த அனுபவத்தால்தான். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதி, தண்ணீர் அங்கேதான் வந்து நிற்கும்.

வெள்ளம் என்பது விரிவான பாலிசியில் அடிப்படையாகவே உள்ள ஆபத்து. சீட்டைக் கழற்றிக் காயவைப்பது, தரை விரிப்பை மாற்றுவது, நனைந்த மின்சாதனங்களை மாற்றுவது இதெல்லாம் தேய்மானம் போக அதில் வரும். பிரச்சினை எங்கே என்றால், வண்டிக்குள் தண்ணீர் ஏறிய பிறகு யாராவது சாவியைத் திருகுவதில். காற்று போகும் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் புகுந்திருக்கும். காற்றைப் போலத் தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் மேலே ஏறும்போது தண்ணீர் இடம் விடாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இதைத்தான் ஒர்க்ஷாப்பில் ஹைட்ரோஸ்டாட்டிக் லாக் என்பார்கள். சர்வேக்குப் போனால் நாங்கள் முதலில் திறப்பது ஏர் ஃபில்டர் பெட்டியை. உள்ளே காகித ஃபில்டர் நனைந்து ஊறிப்போயிருக்கும். ஆயில் ஸ்டிக்கை உருவினால் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் வரும். ராடும் வளைந்திருந்தால், நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து பார்த்திருக்கிறார்கள் என்ற முடிவுக்கே சர்வேயர் வருவார். இது வெள்ளத்தால் நேரடியாக வந்த சேதம் இல்லை, பின்விளைவாக வந்தது என்று சொல்லி அடிப்படைப் பாலிசியில் என்ஜின் செலவை நிறுத்திவிடுவார்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போய் ஜெயித்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அதற்கு நேரமும் அலைச்சலும் ஆகும், அதுவரை வண்டி ஒர்க்ஷாப்பில் நிற்கும்.

உங்கள் மாதிரி சின்ன பெட்ரோல் காருக்கே என்ஜினை இறக்கிச் செய்தால் லட்சத்தை ஒட்டியோ தாண்டியோ போகும். அதற்கு எதிரே, அந்தச் செலவை ஏற்கும் என்ஜின் புரொடெக்ட் வருடத்துக்கு 1,100 ரூபாய். இதை எடுங்கள். பணத்துக்கு முடை என்று ஒரே ஒரு ஆட்-ஆன்தான் எடுக்க முடியும் என்றாலும் இதையே எடுங்கள்.

ஆனால் கையெழுத்துப் போடுமுன் ஏஜென்டிடம் அந்த ஆட்-ஆனின் விதிமுறைப் பக்கத்தை வாங்கிப் படியுங்கள். சில நிறுவனங்களில் என்ஜின் கவர் எடுத்தவருக்கும் ஒரு நிபந்தனை உண்டு. தண்ணீர் புகுந்தது தெரிந்தும் ஸ்டார்ட் செய்தால் கிடையாது, தண்ணீர் வடிந்த பிறகு தாமதமாகச் சொன்னால் கிடையாது என்று எழுதியிருப்பார்கள். "என்ஜின் கவர் இருக்கிறதே" என்று நம்பி வண்டியை முடுக்கிப் பார்ப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். தண்ணீர் ஏறிவிட்டால் சாவியைத் தொடவே வேண்டாம். புஷ் பட்டன் வண்டி என்றால் ரிமோட்டைக்கூட அழுத்த வேண்டாம். நம்பர் பிளேட்டும் தண்ணீர் மட்டமும் ஒன்றாகத் தெரியும்படி போட்டோ எடுங்கள். தண்ணீர் வடிந்ததும் கதவின் உட்பக்கம், சீட்டு, டேஷ்போர்டு இவற்றில் சேற்றுக்கோடு எதுவரை இருக்கிறது என்று எடுத்து வையுங்கள். கழுவிவிட்டு எடுக்காதீர்கள். நிறுவனத்தின் அழைப்பு மையத்தில் சொல்லி கிளெய்ம் எண் வாங்கிக்கொண்டு, டோயிங் வண்டியில்தான் ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோக வேண்டும். வீட்டில் கார் ஓட்டத் தெரிந்த எல்லாருக்கும், அப்புறம் உங்கள் அடுக்ககத்தின் வாட்ச்மேனுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். நல்லெண்ணத்தில் வண்டியை நகர்த்திவிட ஸ்டார்ட் செய்பவர் பெரும்பாலும் வேறு யாராகவாவது இருப்பார்.

அடுத்து ஜீரோ டெப், அதாவது பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் தரும் கவர். பம்பர் டு பம்பர் என்று ஊரில் சொல்வது இதைத்தான். உங்கள் பட்டியலில் விலை கூடியதும் இதுதான், அதனால் கணக்குப் போட்டே பார்ப்போம்.

நான்கு வருடம் தாண்டி ஐந்துக்குள் இருக்கும் காருக்கு, அடிப்படைப் பாலிசியில் உலோகப் பாகங்களுக்கு 35 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி, ஏர்பேக் இதற்கெல்லாம் வயதைப் பார்க்காமல் 50 சதவீதம். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. பெயின்டிங் பில்லில் கால் பங்கைப் பொருள் செலவாக வைத்து, அதில் பாதியைக் கழிப்பார்கள். முன்பக்கம் ஒரு மிதமான இடி என்று வைத்துக்கொள்ளுங்கள். பம்பர் 4,200, ஹெட்லைட் 6,500, கிரில் 1,800 என்று பிளாஸ்டிக் மட்டும் 12,500. ஃபெண்டரும் ரேடியேட்டரும் சேர்த்து 9,000. டிங்கரிங் கூலி 5,000, பெயின்டிங் 9,000, கூலன்ட், ஏசி கேஸ், கிளிப், போல்ட் வகையறா 1,600. மொத்தம் 37,100. இதில் உங்கள் கையிலிருந்து போவது: பிளாஸ்டிக்கில் 6,250, உலோகத்தில் 3,150, பெயின்டில் 1,125, கிளிப்-கூலன்ட் 1,600, ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000. ஆக 13,125 ரூபாய். ஜீரோ டெப் இருந்தால் 2,600 மட்டும். வித்தியாசம் 10,500 சொச்சம். அதாவது மூன்று வருடத்துக்கு ஒருமுறை இப்படி ஓர் இடி வாங்கினால்தான் ஜீரோ டெப்பில் போட்ட பணம் திரும்பும்.

நீங்கள் நான்கு வருடமாக ஒரு கிளெய்மும் செய்யாதவர். அதோடு, கிளெய்ம் செய்தால் 45 சதவீத என்.சி.பி. போய்விடும் என்பதையும் கணக்கில் சேருங்கள். கிளெய்ம் இல்லாவிட்டால் அடுத்த வருடம் 50 சதவீதம் ஆகியிருக்கும். செய்தால் பூஜ்ஜியம், பிறகு 20, 25, 35, 45 என்று ஏறி மறுபடி 50-ஐத் தொட ஐந்து வருடம் ஆகும். உங்கள் பிரீமியத்துக்கு இந்த இழப்பு மொத்தமாக எட்டாயிரம் ரூபாயை ஒட்டி வருகிறது. எனவே பம்பரில் கீறல், கதவில் நசுங்கல் என்று ஐயாயிரம், ஆறாயிரம் செலவுக்கெல்லாம் கிளெய்ம் போடவே கூடாது. "ஜீரோ டெப் இருக்கிறது, போடுங்கள்" என்று ஒர்க்ஷாப்பில் சொல்வார்கள். பில் அவர்களுடையது, போகப்போகும் என்.சி.பி. உங்களுடையது.

இப்படிப் பார்த்தால் ஜீரோ டெப் வேண்டாம் என்று சொல்லத் தோன்றும். வேறு பகுதியாக இருந்தால், இதே வயதுள்ள காருக்கு, நிதானமாக ஓட்டுகிறவருக்கு, நான் அப்படித்தான் சொல்வேன். உங்களுக்கு இந்த ஒரு வருடம் எடுக்கச் சொல்கிறேன், காரணம் மறுபடியும் வெள்ளம்தான். என்ஜின் புரொடெக்ட் எடுத்தால் என்ஜின் பாகங்கள் கவரேஜுக்குள் வந்துவிடும், ஆனால் அந்தப் பாகங்களுக்கும் தேய்மானம் கழிப்பார்கள். ஒன்றரை லட்ச ரூபாய் வெள்ள பில்லில் தேய்மானம் மட்டுமே நாற்பது, ஐம்பதாயிரம் வரை போகலாம். என்ஜின் கவரும் ஜீரோ டெப்பும் சேர்ந்து இருந்தால்தான் பாதுகாப்பு முழுமை. அடுத்த வருடம் கார் ஐந்து வயதைத் தாண்டும். பல நிறுவனங்கள் அதற்குப் பிறகு ஜீரோ டெப் தருவதில்லை, தருகிறவர்களும் விலை ஏற்றுவார்கள். அப்போது புதிதாகக் கணக்குப் போட்டு முடிவெடுங்கள். இப்போது கேட்டுக்கொள்ள வேண்டியது, வருடத்துக்கு எத்தனை ஜீரோ டெப் கிளெய்ம் என்பதுதான். பெரும்பாலும் இரண்டு என்று வரம்பு வைத்திருப்பார்கள்.

மீதி ஆட்-ஆன்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கன்ஸ்யூமபிள்ஸ், அதாவது ஆயில், கூலன்ட், கிளிப், போல்ட் வகையறாவுக்கான கவர், வெள்ளக் கிளெய்மில் கொஞ்சம் உதவும், என்ஜினைக் கழுவி ஆயிலைத் திரும்பத் திரும்ப மாற்ற வேண்டியிருக்கும். 530 ரூபாய் உங்களுக்குப் பெரிதில்லை என்றால் எடுங்கள், எடுக்காவிட்டாலும் தவறில்லை. என்.சி.பி. புரொடெக்ட் வேண்டாம். ஐந்து வருடத்தில் பரவலாகப் போகிற எட்டாயிரம் ரூபாய் குடும்பத்தைத் திணறடிக்கும் இழப்பு இல்லை. டயர் கவரில் பஞ்சர் வராது, தேய்ந்த டயருக்குத் தேய்ந்த அளவுக்குத்தான் தருவார்கள், விட்டுவிடுங்கள். சாவியும் அப்படியே. இரண்டாவது சாவி வீட்டில் பத்திரமாக இருக்கிறதா என்று மட்டும் இன்றைக்குப் பாருங்கள். ரோடு சைடு அசிஸ்டன்ஸ், கார் கம்பெனியின் நீட்டித்த வாரன்டியோடு உங்களிடம் ஏற்கெனவே இருக்கலாம். அது இல்லையென்றால் 180 ரூபாய்க்கு எடுத்துக்கொள்ளலாம், டோயிங் தேவைப்படும் பகுதியில் இருக்கிறீர்கள். ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் (கார் முழுதாகப் போனால் வாங்கிய பில் தொகையைத் தரும் கவர்) உங்கள் பட்டியலில் இல்லை. பொதுவாக மூன்று வருடத்துக்குள் உள்ள கார்களுக்குத்தான் தருகிறார்கள், அதனால் ஏஜென்ட் மறைக்கிறார் என்று நினைக்க வேண்டாம்.

ஆட்-ஆனைக் குறைத்ததும் பிரீமியத்தை இன்னும் குறைத்துக் காட்ட, ஐ.டி.வி.யை 3.6 லட்சமாக ஏஜென்ட் இறக்கலாம். ஒத்துக்கொள்ளாதீர்கள். அறுபதாயிரம் குறைத்தால் உங்கள் பிரீமியத்தில் மிச்சமாவது சுமார் 600, 650 ரூபாய்தான். பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை முழுச் சேதம் என்று முடித்துவிடுவார்கள். டேஷ்போர்டு வரை தண்ணீர் ஏறிய கார்களில் இது சர்வசாதாரணம். அப்போது உங்கள் கைக்கு வருவது ஐ.டி.வி.யில் எழுதிய தொகையிலிருந்து கழிவு போகத்தான். அன்றைக்கு அறுபதாயிரம் பெரிய பணம்.

மிச்சம் பிடிக்க ஓர் இடம் உண்டு. உங்கள் 8,900-க்குள் உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்து கவர் இருக்கும். இது கட்டாயம்தான், ஆனால் ஒருவருக்கு ஒன்று போதும். கார் யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரிலேயே ஸ்கூட்டரும் இருந்து, அந்தப் பாலிசியில் இந்தக் கவர் ஏற்கெனவே இருந்தால், காரில் இன்னொரு முறை கட்ட வேண்டியதில்லை. 15 லட்சத்துக்குக் குறையாத தனி விபத்துப் பாலிசி இருந்தாலும் அப்படியே. எழுதிக் கொடுத்தால் அந்தத் தொகையை நீக்கிவிடுவார்கள். 

ஆக, 8,900 உடன் என்ஜின் 1,100, ஜீரோ டெப் 3,200 சேர்த்து 13,200 ரூபாய். கன்ஸ்யூமபிள்ஸும் ரோடு சைடு அசிஸ்டன்ஸும் உங்கள் விருப்பம். இன்னும் இரண்டு நிறுவனங்களில் இதே ஐ.டி.வி., இதே இரண்டு ஆட்-ஆன் சொல்லி விலை கேளுங்கள். என்.சி.பி. உங்களுடையது, நிறுவனம் மாறினாலும் கூடவே வரும்.

நேரம் முக்கியம். ஆட்-ஆனைப் பொதுவாகப் பாலிசி எடுக்கும்போதோ புதுப்பிக்கும்போதோதான் சேர்க்க முடியும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பிறகு கேட்டால் அடுத்த செப்டம்பருக்கு வாருங்கள் என்பார்கள். 12-ம் தேதியைத் தாண்டவும் விடாதீர்கள். ஒரு நாள் இடைவெளி விழுந்தாலும் பொதுவாக வண்டியைப் பரிசோதித்த பிறகுதான் புதுப்பிப்பார்கள், அந்த இடைவெளியில் நடப்பது எதுவும் கவரேஜில் வராது. பணம் கட்டியதும் வரும் பாலிசியைத் திறந்து, நீங்கள் கேட்ட இரண்டு ஆட்-ஆனும் தனித்தனிப் பெயரில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஏஜென்ட் வாயால் சொன்னது கிளெய்ம் நேரத்தில் நிற்காது. விட்டுப்போயிருந்தால் அன்றைக்கே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதி, அதற்கும் அசையவில்லை என்றால் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ புகார் கொடுக்கலாம்.